காயப்பட்ட மிருகமும் நம் ஜமாஅத்தின் பொறுப்பே: கரையோரப் பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மருதமுனை முதல் பொத்துவில் வரையுள்ள பள்ளிவாசல்களின் தலைவர்மாருக்கும், நம்பிக்கையாளர்களுக்கும், மரைக்காயர்மாருக்கும்,



நேராக விடயத்துக்கு வருகிறேன். நம் பிரதான வீதியில் இரவில் ஒருவர் விபத்தில் சிக்கினால் 1990 இலக்கத்துக்கு அழைக்கிறோம்; அம்புலன்ஸ் வருகிறது. காட்டு யானை காயப்பட்டுக் கிடந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இருக்கிறது. அதே வீதியில் லொறி அடித்துக் கால் முறிந்து கிடக்கும் பசுவுக்கு யாரை அழைப்பது? கொதிநீர் ஊற்றப்பட்டு முதுகுத் தோல் உரிந்த நாயை எங்கே கொண்டுபோவது? கழுத்துப் புண்ணில் புழு விழுந்து சந்தைக்குள் அலையும் பூனையின் மருந்துச் செலவை யார் கொடுப்பது? நம் ஊர்களில் இதற்கு எவரிடமும் பதில் இல்லை. பார்ப்பவர்கள் "பாவம்" என்கிறார்கள், உண்மையாகவே இரங்குகிறார்கள். இது இன்னாருடைய வேலை என்று எவரும் தீர்மானிக்காததால் அது யாருடைய வேலையும் இல்லை என்றாகிவிட்டது. அதை உங்கள் சபைகள் ஏற்க வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

ஏன் உங்களிடம் கேட்கிறேன்? 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்தபோது, மய்யித்துகளைத் தேடி எடுத்து அடக்கியதும், உயிர் பிழைத்தவர்களுக்குச் சோறு ஆக்கியதும், யார் இருக்கிறார் யார் இல்லை என்று கணக்கெடுத்ததும் பள்ளிவாசல்களை மையமாக வைத்துத்தான். உங்களிடம் ஒவ்வொரு வீட்டின் பெயரும் இருக்கிறது. ஒலிபெருக்கி இருக்கிறது. ஜனாஸா என்றால் ஓடிவரும் இளைஞர்கள் இருக்கிறார்கள். 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்புச் சட்டத்தின் கீழ் பொதுப் பணத்தைப் பெற்றுச் செலவிட்டுக் கணக்குக் காட்டும் பொறுப்பும் அதிகாரமும் உங்களுக்கு இருக்கின்றன. இத்தனையும் ஒரே இடத்தில் உள்ள வேறொரு அமைப்பு நம் ஊர்களில் கிடையாது.

உங்கள் சபைகளில் பெண்களுக்கு ஆசனம் இல்லை. ஆனாலும் வளவில் கட்டிய ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போடுவதும், சீக்குப்பிடித்த கோழியைப் பிரித்து வைப்பதும், கன்று ஈனும் பசுவோடு விடியும்வரை விழித்திருப்பதும் பெரும்பாலும் நாங்கள்தான். நோய் வந்தால் முதலில் அறிபவளும் வைத்தியம் கிடைக்காமல் சாவதைப் பார்த்து நிற்பவளும் அந்த வீட்டுப் பெண்தான். அந்த உரிமையோடு பேசுகிறேன்.

நம் மிருகங்கள் எப்படி இந்த நிலைக்கு வந்தன என்று யோசித்துப் பாருங்கள். ஒரு காலத்தில் வேளாண்மை வெட்டிய வட்டைகளில் மாட்டுப்பட்டிகள் மாதக்கணக்கில் மேயும். கல்லோயாத் திட்டத்தின் நீர் வந்தபின் பெரும்போகமும் சிறுபோகமும் அடுத்தடுத்து வருகின்றன. வயல் வெறுமையாகக் கிடக்கும் நாட்கள் குறைந்துவிட்டன. மேய்ச்சல் தரைகள் சுருங்கிவிட்டன. வட்டமடுவில் விவசாயிகளுக்கும் பட்டிக்காரர்களுக்கும் இடையே நீண்டுவரும் தகராறு உங்களுக்குத் தெரியாததல்ல. மேய இடமில்லாத மாடு வீதிக்கு வருகிறது. சந்தைக் குப்பையில் ஷொப்பிங் பையோடு சேர்த்துச் சோற்றை விழுங்குகிறது. அந்தப் பை இரைப்பையில் தங்கி, மேலும் மேலும் சேர்ந்து, கடைசியில் மாடு வயிறு நிறைந்தபடியே பட்டினியில் சாகிறது. இரவில் அது தார் வீதியில் படுக்கிறது. மோட்டார் சைக்கிளில் வரும் பிள்ளைக்கும் தெரிவதில்லை, லொறிச் சாரதிக்கும் தெரிவதில்லை. வேளாண்மைக்குள் இறங்கிவிட்டால் கத்தி வெட்டோடு திரும்பி வருகிறது. உள்ளூராட்சி சபைகள் கட்டாக்காலி மாடுகளைப் பிடித்துக் கட்டி உரிமையாளரிடம் தண்டப்பணம் அறவிடுகின்றன. தண்டம் கட்டி மீட்ட மாடு அடுத்த வாரமே அதே வீதியில் நிற்கிறது. அதன் காயத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

நாய்க்கும் பூனைக்கும் நடப்பது இதைவிடக் கொடுமை. கண் திறக்காத குட்டிகளைச் சாக்கில் கட்டிக் கடற்கரையில் விடுகிறோம். பெட்டைக் குட்டிகள் என்றால் தாயிடமிருந்து பிரித்துச் சந்தையடியில் வீசுகிறோம். கடைவாசலில் படுத்த நாய்க்குக் கொதிநீர், மீன் தட்டருகே வந்த பூனைக்குக் கத்தி. இவற்றைச் செய்பவர்கள் சிலர்தான். பேசாமல் கடந்து போகிறவர்கள் நாம் எல்லோரும்.

அரச மிருக வைத்தியர் இருக்கிறாரே என்று கேட்பீர்கள். இருக்கிறார். ஆனால் அவருடைய வேலை என்னவென்று பாருங்கள். வெளிக்கள மிருக வைத்தியச் சேவை மாகாணத்துக்குரியது. கிழக்கு மாகாண கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் கீழ் வருகிறது. பெயரிலேயே உற்பத்தி முன்னுக்கு நிற்கிறது. ஒரு பிரதேசம் முழுவதற்குமான வைத்தியரும் சில உத்தியோகத்தர்களும் செயற்கை முறைச் சினைப்படுத்தலையும், தடுப்பூசி ஏற்றுவதையும், கால்நடைகளைக் கொண்டுசெல்வதற்கான சுகாதாரச் சான்றிதழ்களையும், பட்டிகளின் நோய்க் கட்டுப்பாட்டையும் பார்க்கிறார்கள். உரிமையாளர் உள்ள, பால் தருகிற மாட்டுக்கென அமைந்த சேவை அது. உரிமையாளர் இல்லாத நாய்க்கோ, உரிமையாளரே கைவிட்ட கிழட்டு மாட்டுக்கோ அங்கே ஒரு படிவமும் இல்லை. அலுவலகம் மாலையில் பூட்டப்படும். விபத்துகளோ இரவில்தான் அதிகம். எக்ஸ்ரே எடுத்து எலும்புக்கு அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டுமென்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது மலைகளுக்கு அப்பால் உள்ள பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலை. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்து கிடைக்காமலும் விலை ஏறியும் பட்ட பாட்டில் மிருக மருந்துகளும் தப்பவில்லை. நம் மாட்டு டொக்டர்மார் மனமில்லாதவர்கள் அல்லர். அழைப்பவர் யார், ஏற்றிவருபவர் யார், மருந்து வாங்கிக் கொடுப்பவர் யார் என்ற மூன்று கேள்விக்கும் ஊரில் ஆள் இல்லாதபோது அவர்களால் மட்டும் என்ன செய்ய முடியும்?

சட்டத்தையும் நம்பியிருக்க முடியவில்லை. மிருகவதையைத் தண்டிக்க இந்த நாட்டில் இருப்பது 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரர் காலத்தில் அது விதித்த உச்சத் தண்டப்பணம் 100 ரூபா. அன்று அது பெரும் பணம். இன்று அதில் ஒரு பிளேன்ரீ வாங்கலாம். இதற்குப் பதிலாகப் புதிய மிருக நலச் சட்டமூலம் ஒன்றை 2006இல் சட்ட ஆணைக்குழு வரைந்து கொடுத்தது. அதன்பின் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அது அமைச்சுகளுக்கும் பாராளுமன்றத்துக்கும் இடையே அலைந்தது. கொழும்பில் ஒரு சட்டம் நிறைவேறும்வரை கல்முனையில் ஒரு மாடு காயத்தோடு காத்திருக்காது. அதுவரை நமக்குள்ள சட்டம் எது என்று நீங்களே நன்றாக அறிவீர்கள்.

நாம் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். அந்த மத்ஹபின் பேரறிஞர்களில் ஒருவரான இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ் ஸலாம் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய கவாஇதுல் அஹ்காம் என்ற நூலில், மனிதன்மீது மிருகங்களுக்கு உள்ள உரிமைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிச் செல்கிறார். மிருகம் முதுமையடைந்தாலும், நோயுற்று இனி எந்தப் பயனும் தராது என்றாலும் அதற்குச் செலவு செய்தாக வேண்டும். தாங்க முடியாத சுமையை ஏற்றக்கூடாது. அதற்குத் தீங்கு செய்யும் வேறு பிராணியோடு சேர்த்து அடைக்கக்கூடாது. அதன் குட்டியை அதன் கண்முன் அறுக்கக்கூடாது. இவை அவர் கருத்தில் மனிதன் விரும்பினால் காட்டும் கருணை அல்ல, மிருகத்துக்கு நாம் செலுத்த வேண்டிய கடன். நம் அரபுக் கல்லூரிகளில் ஓதப்படும் இமாம் நவவியின் மின்ஹாஜிலும் இதே நிலைப்பாடுதான். தன் மிருகத்துக்குத் தீனியும் தண்ணீரும் கொடுக்க மறுப்பவனை விற்கவோ, தீனி போடவோ, உண்ணத்தக்க மிருகமாயின் அறுக்கவோ கட்டாயப்படுத்தலாம். கன்றுக்குப் பாதிப்பு வரும் அளவுக்குப் பால் கறப்பதும் கூடாது. இந்தப் பாடங்களை நம் மௌலவிமார் ஓதித்தான் பட்டம் பெறுகிறார்கள். எத்தனை குத்பாக்களில் அவை நமக்குச் சொல்லப்பட்டன?

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண் நரகத்துக்குரியவளானதும், தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தோல் காலுறையில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர் மன்னிக்கப்பட்டதும் குர்ஆன் மத்ரஸாவுக்குப் போகும் பிள்ளைக்கும் தெரியும். அன்ஸாரித் தோழர் ஒருவரின் தோட்டத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைக் கண்டதும் ஓர் ஒட்டகம் கண்ணீர் வடித்தது. அவர்கள் அதன் காதடியைத் தடவி அமைதிப்படுத்திவிட்டு, இதன் உரிமையாளர் யார் என்று கேட்டார்கள். உரிமையாளரான அன்ஸாரி இளைஞர் முன்வந்ததும், அவர் தன்னைப் பட்டினி போட்டு ஓயாமல் வேலை வாங்குவதாக ஒட்டகம் முறையிட்டதை அறிவித்தார்கள். கவனியுங்கள்: முதலில் வேதனையைத் தணித்தார்கள். பிறகு பொறுப்பானவரைத் தேடினார்கள். பிறகு அல்லாஹ்வின் பெயரால் அவரிடம் கணக்குக் கேட்டார்கள். நான் உங்கள் சபைகளிடம் வேண்டுவதும் இந்த வரிசைதான். முகத்தில் சூடு வைக்கப்பட்ட கழுதையைப் பார்த்து அவர்கள் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்கள் என்பதையும், மாட்டுக்குக் குறி சுடும் நம் வழக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நாயைத் தொடத் தயங்குபவர்களின் சங்கடம் எனக்குப் புரிகிறது. நம் மத்ஹபில் நாயின் எச்சில் கடுமையான நஜீஸ்; ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண்ணோடு, கழுவ வேண்டும். கழுவும் முறையைச் சொல்லித்தந்த மார்க்கம் காயப்பட்ட நாயை விட்டு ஓடச் சொல்லவில்லை. கழுவினால் நஜீஸ் நீங்கிவிடும். காய்ந்த கை காய்ந்த உடலில் படுவதால் நஜீஸ் ஒட்டுவதில்லை என்பதும் அதே மத்ஹபின் சட்டம்தான். தடித்த கையுறையும் ஒரு பழைய சாக்கும் ஒரு வாளித் தண்ணீரும் இருந்தால் வுழூவுக்கும் பங்கம் வராமல் ஓர் உயிரைத் தூக்கிவிடலாம். இதை உலமாக்கள் மிம்பரில் நின்று தெளிவாகச் சொல்லிவிட்டால் நம் பிள்ளைகள் கல்லெறிவதையும் பாதி விட்டுவிடுவார்கள்.

உங்கள் உள்ளத்தில் உள்ள இன்னொரு வலியையும் நான் அறிவேன். அதைப் பேசாமல் இந்த மடல் முழுமையாகாது. இந்த நாட்டில் மிருகங்களுக்கான இரக்கம் பலமுறை நமக்கு எதிரான ஆயுதமாக்கப்பட்டிருக்கிறது. 2013இல் ஹலாலுக்கு எதிரான கூச்சலின்போதும், 2020இல் மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனை அரசாங்க மட்டத்தில் முன்வைக்கப்பட்டபோதும், மாடுகளுக்காகப் பேசியவர்கள் எல்லோரும் மாடுகளை நினைத்துப் பேசவில்லை. அந்தக் காயத்தால், மிருகநலம் என்று யாராவது வாயெடுத்தாலே நமக்கெதிரான பேச்சு என்று காதை மூடிக்கொள்ளும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. அது நியாயமான அச்சம். ஆனால் நம் மார்க்கம் நம்மிடம் ஒப்படைத்த அமானிதத்தை, அதைக் கொண்டு நம்மை அடிப்பவர்களிடமே விட்டுக்கொடுத்துவிட்டு ஒதுங்குவதா? உழ்ஹிய்யா கொடுக்கும் உரிமையை நாம் தலைநிமிர்ந்து பேச வேண்டுமென்றால், அறுக்கும் கத்தியைத் தீட்டச் சொன்ன அதே ஹதீஸின்படி, அறுபடும்வரை அந்த மிருகம் தாகமில்லாமலும் வதைபடாமலும் இருக்க வேண்டும். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் சிறிய லொறிக்குள் கால் மடக்கிக் கட்டப்பட்டு, கொம்பு முறிந்து, வாய் வறண்டு வந்திறங்கும் மாட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அதற்கு ஒரு வாளித் தண்ணீரும் நிழலும், கொண்டுவந்தவனுக்கு ஒரு கண்டிப்பும் கொடுக்க எவருடைய அனுமதியும் நமக்குத் தேவையில்லை.

"மனிதருக்கே இல்லாதபோது மிருகத்துக்கா?" என்று சபையில் ஒருவர் கேட்பார். அவருக்கு என் பதில் இது. மிருகத்தின் நோயும் மனிதனின் நோயும் வேறு வேறு கணக்குகள் அல்ல. இலங்கையில் 1973இல் மட்டும் விசர்நாய்க்கடி நோயால் 377 பேர் இறந்தார்கள். அண்மைக் காலத்தில் அந்த எண்ணிக்கை ஆண்டுக்கு இருபது முப்பது என்ற அளவுக்கு இறங்கியதற்குக் கடிபட்டவர்களுக்குத் தடுப்பூசி போட்டது மட்டும் காரணமில்லை. நாய்களுக்கும் போட்டதுதான் காரணம். ஓர் ஊரின் நாய்களில் நூற்றுக்கு 70க்குத் தடுப்பூசி ஏற்றிவிட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. நோய்க்குறி தெரிந்தபின் அந்த நோய்க்கு மருந்தே இல்லை. கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையில் கடிகாயத்தோடு காத்திருக்கும் பிள்ளைகளுக்கு அந்த நோயின் ஆபத்து பெரும்பாலும் தடுப்பூசி ஏற்றப்படாத நாய்களால்தான் வருகிறது. வீதியில் படுக்கும் மாட்டுக்கு இடமும் வைத்தியமும் கொடுத்தால் மோட்டார் சைக்கிளில் வரும் உங்கள் மகன் வீடு வந்து சேர்வான்.

வறுமையையும் நினையுங்கள். கணவனை இழந்த ஒரு பெண்ணுக்கு ஒரு பசு என்பது மாதாந்தச் சம்பளம். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் ஓரிரு நாட்களில் மடிந்தன. ஏற்கெனவே மெலிந்து, கூரையில்லாமல் நனைந்து நின்றவற்றுக்குக் குளிரைத் தாங்கும் வலு எங்கிருந்து வரும்? எச்சரிக்கைச் செய்தி வந்த அன்று மஃரிபுக்குப் பின் ஒலிபெருக்கியில், "மாடுகளைக் காற்றுப்படாத இடத்தில் கட்டுங்கள், வைக்கோல் பரப்புங்கள்" என்று ஓர் அறிவிப்புச் செய்ய எத்தனை ரூபா செலவாகும்?

நம் ஊரின் அலட்சியம் ஊர் எல்லையோடு நிற்பதில்லை. ஒலுவிலுக்கு அப்பால் பள்ளக்காட்டில், அஷ்ரப் நகரை ஒட்டிய காட்டோரத்தில் கரையோர ஊர்களின் குப்பை கொட்டப்படுகிறது. அந்தக் கழிவு முகாமைத்துவ நிலையம் 2008இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு அமைக்கப்பட்டது. யானைகள் வராமல் போட்ட மின்வேலியை 2014இல் மின்னல் தாக்கியது. பிறகு அது திருத்தப்படவில்லை. 2022 ஜனவரியில் அங்கே இரண்டு யானைகள் இறந்து கிடந்தன. அவற்றோடு சேர்த்து எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் அந்தக் குப்பையைத் தின்று மாண்டதாக அப்போது செய்திகள் வெளியாகின. பிரேத பரிசோதனை செய்த வைத்தியர் அவற்றின் வயிற்றில் கண்டது பொலித்தீனும் உணவுச் சுற்றுகளும்தான். ஒரு யானை அங்கே வந்து விழுந்தபின் எந்த வைத்தியராலும் காப்பாற்ற முடியாது. அதற்கான வைத்தியம் நம் வலீமாப் பந்தலில் தொடங்க வேண்டும்: சோற்றை வேறாகவும் பொலித்தீனை வேறாகவும் பிரிப்பதில்.

காயப்பட்ட மிருகங்களை ஓர் ஊர் பொறுப்பேற்பது நடக்கக்கூடியதா என்று சந்தேகப்படாதீர்கள். மன்னாரில் தெருவில் திரிந்த கழுதைகள் வாகனம் அடித்தும், வாயில் பிளாஸ்டிக் சிக்கியும் துன்பப்பட்டன. பிரிட்ஜிங் லங்கா என்ற அமைப்பு அவற்றுக்கென்றே ஒரு சிகிச்சை நிலையத்தையும் கல்வி நிலையத்தையும் அங்கே ஏற்படுத்தியது. ஊர் தொல்லை என்று ஒதுக்கிய கழுதைகளைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். சென்னையில் 1959இல் தொடங்கிய புளூ கிராஸ், தெருநாய்களைக் கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்வோம் என்று 1960களிலேயே வாதாடியது. பின்னர் அதுவே இந்தியா முழுவதற்கும் வழியாயிற்று. தமிழ்நாட்டில் ஒரு விவசாயி இன்று 1962 என்ற இலக்கத்தை அழைத்தால் மிருக வைத்திய வண்டி அவர் தொழுவத்துக்கே வருகிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் தன் கல்வெட்டில், மனிதருக்கும் மிருகங்களுக்கும் வைத்தியம் ஏற்பாடு செய்யப்பட்ட நாடுகளின் வரிசையில் சோழ, பாண்டிய நாடுகளோடு இந்தத் தீவையும் பொறித்திருக்கிறார். இந்த மண்ணுக்கு இது புதிய எண்ணம் அல்ல.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

முதலாவது, ஒவ்வொரு பள்ளிவாசலும் ஒரு மிருக வைத்திய நிதியைத் தொடங்குங்கள். ஸகாத் பணத்தை நான் கேட்கவில்லை. அதற்குரிய எட்டுக் கூட்டத்தாரைக் குர்ஆன் தீர்மானித்துவிட்டது. ஸதகாவைக் கேட்கிறேன். ஒரு வீடு ஒரு ஜும்ஆவுக்கு 20 ரூபா கொடுத்தால், ஆயிரம் வீடுகள் உள்ள ஜமாஅத்தில் மாதத்துக்கு 80,000 ரூபா சேரும். மருந்துக்கும் வாகனக் கூலிக்கும் வைத்தியரின் கட்டணத்துக்கும் அது நல்ல தொடக்கம். வசதியுள்ளவர் ஒரு கடையையோ தென்னந்தோப்பையோ இதற்கென்று வக்பு செய்யட்டும். உழ்ஹிய்யாப் பங்கு எழுதும்போது, இந்த நிதிக்கும் ஒரு தொகை தருகிறீர்களா என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்.

இரண்டாவது, ஒவ்வொரு ஜமாஅத்திலும் பொறுப்பானவர் ஒருவரையும் அவருக்குத் துணையாக ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் நியமியுங்கள். அவர்களின் தொலைபேசி இலக்கத்தைப் பள்ளி அறிவித்தல் பலகையில் எழுதுங்கள். தேவைப்படும்போது வர உடன்பட்ட ஒரு பட்டா வாகனக்காரரும் ஓர் ஓட்டோக்காரரும் இருக்கட்டும். காயப்பட்ட மிருகத்துக்கு முதலுதவி என்ன என்பதை மிருக வைத்தியர் ஒருவரை அழைத்து அவர்களுக்குப் பழக்குங்கள். புண்ணில் மண்ணெண்ணெயோ எஞ்சின் ஒயிலோ ஊற்றக்கூடாது; சுத்தமான நீரால் கழுவி ஈ மொய்க்காமல் மூட வேண்டும், ஏனென்றால் ஈ இட்ட முட்டை ஒரு நாளுக்குள் புழுவாகிவிடும். பூனைக்குப் பனடோல் கொடுக்கக்கூடாது; ஒரு வில்லையே அதைக் கொன்றுவிடும். நாய் கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மீட்க முடியாத காயமென்றால் என்ன செய்வது என்பதை வைத்தியரே தீர்மானிக்கட்டும். வலியோடு வீதியில் மூன்று நாள் சாக விடுவது மட்டும் இனி நடக்கக்கூடாது.

மூன்றாவது, பள்ளிவாசல் சம்மேளனங்கள் ஒன்றுகூடி எழுத்து மூலம் இரண்டு கோரிக்கைகளை முன்வையுங்கள். மாகாணத் திணைக்களத்திடம், இந்தக் கரையோரத்துக்கு இரவிலும் விடுமுறையிலும் இயங்கும் ஒரு மிருக வைத்தியசாலையைக் கேளுங்கள். கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையிடமும் உள்ளூராட்சி சபைகளிடமும், நாய்களுக்கான தடுப்பூசியையும் கருத்தடையையும் ஆண்டுதோறும் ஊர் ஊராக நடத்தக் கேளுங்கள். நாய்களைப் பிடித்துக் கொடுக்கவும் இடம் தரவும் நீங்கள் முன்வாருங்கள். காரைதீவு, பாண்டிருப்பு, ஆலையடிவேம்புக் கோயில் பரிபாலன சபைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டிகள் ஊர் எல்லை பார்த்து மேய்வதில்லை. பல விடயங்களில் இழுபறிப்படும் நம் இரு சமூகங்களும் சேர்ந்து கையெழுத்திட இதைவிட நல்ல மனு கிடைக்காது.

நான்காவது, ஒட்டகத்தின் உரிமையாளரிடம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டது போல், பொறுப்பற்ற உரிமையாளரிடம் கணக்குக் கேளுங்கள். இரவில் மாட்டைக் கட்டாதவர், கிழட்டு மாட்டை வீதியில் விட்டவர், மிருகத்தை வெட்டியவர் யாராயினும் மரைக்காயர் அவர் வீட்டுக்குப் போகட்டும். முதலில் நல்ல வார்த்தை. தீனி வாங்க வழியில்லாதவர் என்றால் நிதியிலிருந்து உதவி. திரும்பத் திரும்பச் செய்பவர் என்றால் பொலிஸ் முறைப்பாடு. காணித் தகராறையும் குடும்பத் தகராறையும் தீர்த்துவைக்கும் உங்களுக்கு இது கடினமல்ல.

ஐந்தாவது, ஆண்டுக்கு ஒரு குத்பாவையாவது மிருகங்களின் உரிமைக்கு ஒதுக்குங்கள். அஹதிய்யாப் பாடசாலைகளிலும் குர்ஆன் மத்ரஸாக்களிலும் ஹதீஸைச் சொல்லிக்கொடுத்தால் மட்டும் போதாது. வெயிலில் ஒரு தண்ணீர்ச் சட்டி வைக்கும் வேலையைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

பெரிய கட்டடமோ வெளிநாட்டு உதவியோ இதற்கு வேண்டியதில்லை. அடுத்த சபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு விடயமாகச் சேருங்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் ஒரு நிதி, ஒரு தொலைபேசி இலக்கம், ஒரு பெயர் என்று மூன்றையும் தீர்மானித்து ஜும்ஆவில் அறிவியுங்கள். ஒரு பள்ளிவாசல் தொடங்கினால் போதும். நம் ஊர்கள் நல்ல காரியத்தில் ஒன்றையொன்று முந்தப் பார்க்கும் என்பது உங்களுக்கே தெரியும். மறுமையில் வாய் திறந்து பேசப்போகும் அந்த ஜீவன்கள் நம் ஜமாஅத்துக்குச் சாட்சியாக நிற்க வேண்டும், முறைப்பாட்டாளராக நிற்கக்கூடாது. தீர்மானம் உங்கள் கையில் இருக்கிறது. காலம் தாழ்த்தாதீர்கள்.

வஸ்ஸலாம்.

கல்முனைக்குடியிலிருந்து,
உங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்